மஞ்சணத்தியாற்றின் காலிக் கட்டங்கள்

ஜனவரி 19

சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த டைரி இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. பொங்கலெல்லாம் முடிந்த பிறகு டைரி கொடுக்கிற மனிதரை என்னவென்று சொல்ல. கழிந்துபோன பக்கங்களில் பால் கணக்கா எழுதுவது? ஓசியில் வந்தது, போகட்டும்.

நான் ஆவுடைநாயகம், உதவிப் பொறியாளர். வாய்க்கால் பிரிவில் இருந்தபோது ஒரு பெரிய மனிதரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதற்காக ஆறு மாதத்துக்கு முன்னால் நீர் அளவைப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். இங்கே ஒரு கம்ப்யூட்டர், அதைத் தட்ட பெனிட்டா என்கிற பெண், சுற்றாத ஒரு ஃபேன், நான். இவ்வளவுதான் பிரிவு.

என் மனைவி உலகு கடையநல்லூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாமியாருக்கு முழங்கால் வலி. இரண்டு நாளில் வந்துவிடுவாள். ரசம் நானே வைத்தேன். புளி கொஞ்சம் தூக்கல், மற்றபடி குறையில்லை.

ஜனவரி 21

செயற்பொறியாளர் நல்லதம்பி கூப்பிட்டு அனுப்பினார். மஞ்சணத்தியாற்றில் நீரேற்றுத் திட்டம் வரப்போகிறதாம். அழகன்பாறைக்கு மேலே பம்பு வைத்துத் தண்ணீரை உறிஞ்சி, புதிதாக வருகிற தொழிற்பேட்டைக்குக் குழாயில் கொண்டுபோவார்கள். அதற்கு முன்னால் ஆற்றில் நம்பி எடுக்கிற அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று நாங்கள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரமில்லை. அழகன்பாறையில் ஆற்றுக்குள் ஓர் அளவுகோல் நட்டிருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் அதில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஓர் ஆள் பார்த்து எழுதுவார். இருபது வருஷத்து அளவு இருக்கிறது. அதை ஆனியில் தொடங்குகிற கார் பருவம், ஐப்பசியில் தொடங்குகிற பிசானப் பருவம் என்று பிரித்து, ஒவ்வொரு பருவத்து நாள்களையும் தண்ணீர் அதிகம் ஓடிய நாளிலிருந்து குறைந்த நாள் வரை வரிசையாக நிறுத்த வேண்டும். நூறு நாளில் எழுபத்தைந்து நாளாவது எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தால், அதுதான் அந்தப் பருவத்தில் நம்பக்கூடிய தண்ணீர். திட்டம் நிற்பதும் விழுவதும் பிசானத்துக்கு வருகிற அந்த ஒரு எண்ணில்தான். ஆற்றின் கீழ்ப்போக்கில் வடக்குமடை ஊர்க்காரர்களின் பிசான நெல்லும் குடிதண்ணீர்க் கிணறும் அதே எண்ணில்தான் தொங்குகின்றன. இதை நல்லதம்பி சொல்லவில்லை, நான் எழுதுகிறேன்.

“சீக்கிரம் முடிங்க ஆவுடைநாயகம். ‘கணித்தவர்’னு உங்க பேர்தான் வரும்” என்றார். என்னமோ சால்வை போர்த்துகிற மாதிரி.

ஜனவரி 24

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மென்பொருளுக்கு டிசம்பர் 31-ஆம் தேதியோடு உலகம் முடிந்துவிடுகிறது. பிசானம் ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனி வரை போகும் என்று அதைச் செய்த புண்ணியவானுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இந்த வருஷத்து ஜனவரியையும் இதே வருஷத்து அக்டோபரையும் ஒரே பருவம் என்று ஒட்டிவைத்திருக்கிறது. ஒருவன் தலையை இன்னொருவன் உடம்பில் வைத்த கதை. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். “எல்லா ஜில்லாவுக்கும் இதே சாஃப்ட்வேர்தான் சார்” என்று பதில். எல்லா ஜில்லாவையும் இப்படித்தான் பாழாக்குகிறார்களா என்று கேட்டேன், லைனைத் துண்டித்துவிட்டார்கள்.

பெனிட்டா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பருவம் அக்டோபரில் பிறந்து மறு மார்ச்சில் முடிகிற மாதிரி அதை மாற்றினாள். கெட்டிக்காரிதான். நேரில் சொல்லவில்லை.

உலகு போன் செய்தாள். மாமியாருக்கு இன்னும் வலி குறையவில்லையாம். ஏதோ கேட்க வந்தாள், குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டேன்.

ஜனவரி 28

முதல் கணக்கு வந்துவிட்டது. பிசானத்தில் நூறு நாளில் எழுபத்தைந்து நாள் மஞ்சணத்தியாறு முழங்காலுக்கு மேல் ஓடுகிறதாம். அதைவிட அக்கிரமம், வரிசையின் கடைசி நாளில்கூடத் தண்ணீர் இருக்கிறது. ஆறு வற்றுவதே கிடையாதாம். போன மாசியில் நான் அந்த ஆற்றை ஸ்கூட்டரில் கடந்தேன். பாலத்தில் அல்ல, ஆற்றுக்குள்ளே. டயர் நனையவில்லை.

பெனிட்டாவைத்தான் முதலில் பிடித்துக் கத்தினேன். அவள் ஸ்கிரீனைக் காட்டினாள்.

“இந்தக் கட்டமெல்லாம் காலியா இருக்கு பாருங்க சார். அளவு எழுதாத நாள். காலியா இருந்தா கம்ப்யூட்டர் அந்த நாளையே கணக்குல எடுக்காது. தாண்டிப் போயிரும்.”

“எத்தனை கட்டம்மா இப்படி?”

“எக்கச்சக்கம் சார். மாசி, பங்குனியில பாதிக்கு மேல.”

அப்படியானால் அளவு எழுதுகிற ஆள் வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம். ஆள் பெயர் முப்பிடாதி. சம்பளம் மட்டும் மாதாமாதம் போய்ச் சேர்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மெமோ எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 30

மெமோவை நான்கு முறை திருத்தி எழுதினேன். ‘கடமையில் வேண்டுமென்றே அலட்சியம்’ என்ற வரி நன்றாக வந்திருக்கிறது. நேரில் போய்க் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

பிப்ரவரி 5

அழகன்பாறைக்குப் போய்விட்டு வந்தேன். பஸ் இறங்கி இரண்டு மைல் நடை. ஆற்றோரம் ஓர் ஓட்டுச் சாய்ப்பு, அதற்குள் மேஜை, பதிவேடு, மழைமானி. முப்பிடாதி சாய்ப்பு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒரு நூல் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

மெமோவை நீட்டினேன். வாங்கிப் படித்தார். அவ்வளவு அருமையான வரியைப் படித்துவிட்டு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“நான் ஒரு நா வராம இருந்ததில்ல சார்.”

“வராம இருந்ததில்லையா? பாதிக் கட்டம் காலியா கெடக்கு வே.”

“அது தண்ணி இல்லாத நா சார்.”

“தண்ணி இல்லாட்டி?”

“தண்ணி இல்லாத அன்னைக்கு என்னத்த எழுத? வந்து பாப்பேன். நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டிருவேன். அளவு மட்டும் எழுத மாட்டேன்.”

பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். உண்மைதான். காலி நாளிலும் காலை எட்டு மணி என்று நேரம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அளவுக் கட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர்கள் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு நேரத்தையும் கையெழுத்தையும் விட்டுவிட்டார்கள்.

“பூஜ்யம் போட வேண்டியதுதானே.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி.

“ஆத்துக்கு எப்படி சார் என் கையால பூஜ்யம் போட? வீட்டுல அரிசி தீந்துட்டா தீந்துட்டுன்னா சொல்லுதோம்? நெறஞ்சிருக்குன்னுதான சொல்லுதோம். எங்கப்பாவும் இதே அளவுகோல்லதான் வேல பாத்தாரு. அவரும் போட்டதில்ல.”

இருபது வருஷம். அரசாங்கச் சம்பளம். அரசாங்கப் பதிவேடு. அதில் ஓர் ஆள் மங்கலம் பார்த்திருக்கிறார், அவர் மங்கலம் பார்த்ததால் ஆறு காகிதத்தில் வற்றாத ஜீவநதியாகிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும், “சாயா குடிக்கியளா சார்?” என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

என் வீட்டிலும் இதே வியாதிதான். பொங்கலன்று என் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். அரிசி இருக்கிறதா என்று கேட்டேன், உலகு “நெறஞ்சிருக்கு” என்றாள். சரி, நிறைய இருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு உலை கொதிக்கிறது, போட அரிசி இல்லை. இல்லையென்றால் இல்லையென்று சொல்லத் தெரியாதா, இதைக்கூடச் சொல்லித்தராமலா உன்னை வளர்த்தார்கள் என்று நான் கேட்டதில் என்ன தப்பு? அக்கா எதிரே கேட்டேன் என்பதெல்லாம் ஒரு விஷயமா? அதற்கு மறுநாள்தான் மாமியாருக்கு முழங்கால் வலி வந்தது.

பஸ்ஸில் வரும்போதுதான் பார்த்தேன். மெமோ என் பையிலேயே இருந்தது. அவர் மடித்துத் திருப்பிக் கொடுத்ததை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9

ஒன்றும் விசேஷமில்லை. காலண்டரில் இன்றைய தேதியை உலகு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். கேஸ் சிலிண்டர் மாற்றுகிற நாளாக இருக்கும். சிலிண்டர் வரவில்லை.

பிப்ரவரி 10

உலகு போன் செய்தாள். நேற்று என்ன நாள் என்று ஞாபகம் இருந்ததா என்று கேட்டாள். சிலிண்டர்தானே, வரவில்லை என்றேன். லைன் நின்றுவிட்டது. அந்த ஊரில் டவர் சரியில்லை. இந்தக் கம்பெனிக்காரர்களைக் கேட்பாரில்லை.

பிப்ரவரி 13

நல்லதம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“காலின்னா காலி. அதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை இல்லை.”

“அன்னைக்கெல்லாம் ஆறு வறண்டு கெடந்திருக்கு சார். அந்த நாளைப் பூராவும் தள்ளிட்டுக் கணக்குப் போட்டா, ஃபெயிலான பிள்ளைங்க பேரை எடுத்துட்டு எங்க ஸ்கூல்ல எல்லாரும் பாஸ்னு சொல்ற மாதிரிதானே?”

“வறண்டு கெடந்ததுன்னு யார் சொன்னா?”

“முப்பிடாதி.”

“அப்போ எழுதித் தரச் சொல்லுங்க. இருபது வருஷமா அளவு எழுதாமச் சம்பளம் வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டுத் தரட்டும். நான் கணக்கை மாத்திக்கறேன்.” பேனாவை மூடிவைத்தார். “அவருக்கு ரிட்டயர்மெண்ட் என்னைக்கு? மார்ச் 31 தானே? அன்னைக்குச் சாயந்தரம் மாலையும் கழுத்துமா நிக்கும்போது கையில சஸ்பெண்ட் ஆர்டரைக் குடுக்க வேண்டியிருக்கும். பென்ஷன் கிடையாது. கேஸ் முடிய பத்து வருஷம் ஆகும். உங்களுக்குச் சம்மதம்னா சொல்லுங்க ஆவுடைநாயகம்.”

குரலை உயர்த்தவே இல்லை. சிரித்த முகம். இந்த மாதிரி ஆட்களிடம் கத்தவும் முடியவில்லை, கத்தினால் நாம்தான் பைத்தியக்காரன் மாதிரித் தெரிகிறோம். மனிதனா இவன்? ஓர் ஆற்றையும் ஓர் ஆளையும் தராசில் வைத்து, முள்ளை என் கையில் கொடுத்து அனுப்புகிறான்.

பிப்ரவரி 16

மறுபடி அழகன்பாறை. நல்லதம்பி சொன்னதை முப்பிடாதியிடம் சொன்னேன்.

“எழுதித் தாரேன் சார்” என்றார் உடனே.

“என்னன்னு எழுதுவீரு?”

“தண்ணி இல்லாத நாள்ல கட்டத்தக் காலியா விட்டேன்னு. உள்ளதுதான.”

“பென்ஷன் போயிரும்.”

ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் கண் தெரியாதவன், அவர்தான் சோறு பொங்கிப் போடுகிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நம்ம பண்ணுன தப்புக்கு வடக்குமடக்காரன் எதுக்கு சார் தொண்ட வறண்டு சாகணும்?” என்றார் கடைசியில். “பேப்பரத் தாங்க.”

நான் கொடுக்கவில்லை. பேப்பர் கொண்டுவரவில்லை என்று சொன்னேன். பையில் ஒரு குயர் பேப்பர் இருந்தது.

பிப்ரவரி 21

உலகு போன் செய்தாள். சாப்பிட்டியளா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். வேறு ஒன்றும் பேசவில்லை. இந்த முறை அவளும் ஒன்றும் கேட்க வரவில்லை.

பிப்ரவரி 26

அறிக்கை தட்டச்சாகி மேஜைக்கு வந்துவிட்டது. ‘பிசானப் பருவத்தில் மஞ்சணத்தியாறு நம்பகமான நீரோட்டம் கொண்டது.’ கீழே ‘கணித்தவர்: ஆ. ஆவுடைநாயகம்’. மார்ச் 20-க்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் கணித்தேனாம். எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வருகிறது, டைரியில் வேண்டாம்.

மார்ச் 2

கையெழுத்துப் போட்டால் ஆறு போய்விடும். போடாமல் காரணம் எழுதினால் முப்பிடாதி போய்விடுவார். போடாமலும் எழுதாமலும் இருந்தால் என்னை மாற்றிவிட்டு அடுத்து வருகிறவனை வைத்துப் போட்டுக்கொள்வார்கள். மூன்றையும் பெனிட்டாவிடம் சொன்னேன். “நல்லதம்பி சார் ஒரு தடவகூட அழகன்பாறைக்குப் போனதே இல்லயே சார்?” என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு விரட்டு விரட்டினேன்.

மார்ச் 4

பெனிட்டாவுக்கு என் செலவில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். காரணமொன்றும் இல்லை.

மார்ச் 6

நல்லதம்பியிடம் போய், அறிக்கையோடு ஒரு களப் புகைப்படம் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று சொன்னேன். ஐயா ஆற்றங்கரையில் நிற்கிற மாதிரி, பின்னால் அளவுகோல் தெரிகிற மாதிரி. தொழிற்பேட்டைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனால் அவர்களே கேமரா கொண்டுவருவார்கள் என்றும் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “இப்பதான் நீங்க லைனுக்கு வந்திருக்கீங்க” என்று தோளில் தட்டினார். 14-ஆம் தேதி போகிறோம்.

இதில் என் திட்டம் என்று ஒன்றும் கிடையாது. அலுவலக வேலை.

மார்ச் 8

உலகு போன் செய்தாள். மாமியார் இப்போது நன்றாக நடக்கிறாராம். அப்படியானால் நீ எப்போது வருகிறாய் என்று கேட்க நினைத்தேன். அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவளும் சொல்லவில்லை. யாருக்கு வீம்பு அதிகம் என்று பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 12

முப்பிடாதிக்குப் போன் செய்து ஆற்றில் தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டேன். ஒரு பொட்டு இல்லை, பாறையெல்லாம் காய்ந்துவிட்டது என்றார். மழை வருகிற மாதிரி இருக்கிறதா என்றும் கேட்டேன். இல்லையாம். பதினாலாம் தேதி காலையில் பதிவேட்டில் அவர் ஒன்றும் எழுத வேண்டாம், பேனாவையும் தொட வேண்டாம், நல்லதம்பியே வந்து எழுதுவார் என்று சொல்லிவைத்தேன். மேலதிகாரி பார்வையிட வந்தால் அன்றைய அளவை அவரே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எங்கள் துறையில் இருக்கிற வழக்கம். நான் கொண்டுவந்ததில்லை.

சிவப்புப் பேனா ஒன்று வாங்கினேன்.

மார்ச் 14

இரண்டு கார். முதல் காரில் நல்லதம்பி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பின்னால் தொழிற்பேட்டைக்காரர்கள் இருவர், ஒருவர் மேனேஜர், இன்னொருத்தி கேமரா வைத்திருந்த பெண். நான் டிரைவர் பக்கத்தில்.

அழகன்பாறையில் இறங்கினோம். ஆறு முழுக்க வெயிலில் வெளுத்த பாறை. நடு ஆற்றில் வெள்ளாடுகள் படுத்துக் கிடந்தன. அளவுகோல் கல் ஒன்று தனியாக நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, “சார், ஆறு எங்க இருக்கு?” என்று கேட்டாள். குறும்பெல்லாம் இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

“இதுதாம்மா. மேலே ஷட்டர் அடைச்சிருப்பாங்க” என்றார் நல்லதம்பி.

“மஞ்சணத்தியாத்துல ஷட்டரே கிடையாது சார்” என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார், நல்லதம்பியைப் பார்த்தார். போட்டோ எடுத்தார்கள். ஆடுகளை விரட்டிவிட்டு இன்னொன்று எடுத்தார்கள்.

சாய்ப்புக்குள் முப்பிடாதி மேஜையைத் துடைத்து, பதிவேட்டை இன்றைய பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார்.

“ஐயா வழக்கப்படி இன்னைக்கு அளவைப் போடணும்” என்று சிவப்புப் பேனாவை நீட்டினேன்.

வாங்கினார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். பிறகு பேனா அளவுக் கட்டத்துக்கு மேல் நின்றது. ஒரு பக்கம் மேனேஜர் எட்டிப் பார்க்கிறார். இன்னொரு பக்கம் அந்தப் பெண் பக்கத்தைப் போட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஜன்னல் வழியாகக் காய்ந்த அளவுகோல் பளிச்சென்று தெரிகிறது. பூஜ்யம் போட்டால் பிசானத்திலே ஆறு வற்றுகிறது என்று அவரே எழுதிக் கொடுத்தது ஆகும். வேறு எண் போட்டால் அத்தனை பேர் கண் முன்னால் பொய். ஆனால் எந்த எண் போட்டாலும், கட்டத்தைக் காலியாக விட்டவர் முப்பிடாதி ஒருவர்தான் என்றாகிவிடும். முப்பிடாதியின் மீதி வாழ்நாள் அந்தப் பேனா முனையில் நிற்கிறது என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நல்லதம்பி அளவுக் கட்டத்தைத் தாண்டிப் போய்க் கையெழுத்தைப் போட்டார். “அளவை அப்புறம் போட்டுக்கலாம்” என்று பேனாவை என்னிடம் தந்தார். கேமரா கிளிக் என்றது.

அவர்கள் காருக்குப் போன பிறகு முப்பிடாதி மெதுவாகச் சொன்னார்: “பெரிய அய்யாவுக்கும் கை வரல பாத்தியளா சார்.” கிண்டல் இல்லை. நல்லதம்பிமேல் அவருக்கு உண்மையாகவே மரியாதை கூடிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றின்மேல் உள்ள பக்தியில் எழுத முடியாதவரும், திருட்டுத்தனத்தில் எழுதாதவரும் ஒன்றா? ஆனால் கட்டம் என்னமோ இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 16

பெனிட்டாவை உட்காரவைத்து எல்லாக் காலிக் கட்டத்தையும் வறண்ட நாளாகக் கொண்டு கணக்கை மறுபடி போடச் சொன்னேன். ஐப்பசியில் மழை தப்பிய வருஷங்கள், மாசி, பங்குனி எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நாள்கள் வரிசையில் நின்றன. எழுபத்தைந்தாவது இடத்துக்கு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

“நம்பக்கூடிய தண்ணீர்ங்கிற இடத்துல என்ன போட சார்?” என்றாள்.

“வந்தது என்ன?”

அவள் சொல்லவில்லை. ஸ்கிரீனைக் கையால் காட்டினாள். நானே அவளை நகரச் சொல்லிவிட்டுத் தட்டினேன். என் விரல் தயங்கியது என்று பெனிட்டா நாளைக்கு யாரிடமாவது சொல்லுவாள். தயங்கவில்லை. கண்ணில் தூசி.

அறிக்கையின் அடியில் ஒரு குறிப்பும் எழுதினேன். அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், அவ்வளவு பிடித்திருக்கிறது. ‘நேரமும் கையொப்பமும் இருந்து அளவு இல்லாத பதிவு, ஆற்றில் நீரில்லா நாளைக் குறிக்கும். இந்நிலையத்தில் நெடுநாளாக உள்ள இந்நடைமுறையைச் செயற்பொறியாளர் அவர்களும் மார்ச் 14 அன்று பின்பற்றித் தம் கையொப்பத்தால் உறுதி செய்துள்ளார். பக்கத்தின் புகைப்படமும் ஆற்றின் புகைப்படமும் இணைக்கப்பட்டுள்ளன.’ போட்டோவைத் தொழிற்பேட்டைப் பெண்ணே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். கேட்டதும் அனுப்பிவிட்டாள், நல்ல பெண்.

கையெழுத்துப் போட்டேன். தலைமை அலுவலகத்துக்கு நேரடியாக ஒரு பிரதி.

மார்ச் 19

“யாருய்யா பூஜ்யம் போட்டது?” இன்றைக்குத்தான் நல்லதம்பி குரலை உயர்த்தி நான் கேட்டேன். காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது.

“நான்தான் சார். கணித்தவர்னு என் பேர்தானே வருது.”

“அந்த முப்பிடாதியை நான் விடப்போறதில்லை.”

“அளவு எழுதாததுக்குத்தானே சார்? அப்போ பதினாலாம் தேதிக்கும் சேர்த்து மெமோ போடணும். அன்னைக்கு எழுதாதவர் யாருன்னும் குறிப்பிடணும்.”

நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே போகச் சொன்னார். போனேன். பியூன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் ஒரு பஜ்ஜி.

மார்ச் 27

கோப்பு மேலேயிருந்து திரும்பி வந்துவிட்டது. ‘பிசானத்தில் நம்பகமான நீர் இல்லாத ஆற்றிலிருந்து நீரேற்ற முன்மொழிந்தது ஏன்’ என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் அல்ல.

மார்ச் 31

முப்பிடாதிக்கு அலுவலகத்தில் பிரிவுபசாரம். மாலையை நல்லதம்பியே போட்டார், போட வேண்டியதாயிற்று. வேறு ஆர்டர் ஒன்றும் வரவில்லை. மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். “இவருதாம்ல ஆவுடநாயகம் சார்” என்று அவன் கையை என் கையில் வைத்தார். மிக்சர் நமத்துப்போயிருக்கிறது என்று கேண்டீன்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டேன்.

எனக்கும் ஆர்டர் வந்தது. மாறுதல். கடலோரம் ஓர் ஊர், சுற்றுவட்டாரத்தில் ஆறே கிடையாது. நீர் அளவைப் பிரிவு ஆளை ஆறே இல்லாத ஊருக்கு. எவன் மூளை இது என்று எனக்குத் தெரியும்.

சொல்ல ஆள் வேண்டியிருந்தது. உலகுவுக்குப் போன் போட்டேன். அவள் நம்பரைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

“என்ன ஆச்சு? மேலுக்குச் சொகமில்லயா?” என்று பதறினாள்.

“நல்லாத்தான் இருக்கேன். ஏன் அப்படிக் கேக்க?”

“நீங்களா போன் போட்டிருக்கியளே, அதான்.”

எனக்குச் சுரீரென்றது. ஏன், நாம் பேசியதே இல்லையா, தேதி வாரியாக எழுதிவைத்திருக்கிறேன், படிக்கட்டுமா என்றேன். “படிங்க” என்றாள். இந்த டைரியைப் புரட்டினேன். ஜனவரி 24, உலகு போன் செய்தாள். பிப்ரவரி 10, உலகு போன் செய்தாள். பிப்ரவரி 21. மார்ச் 8. அதற்கு மேல் படிக்கவில்லை.

“நா கூப்புட்டதெல்லாம் இருக்கட்டும். நீங்க எத்தன தடவ கூப்புட்டிய?”

இரண்டரை மாதமாக நான் சாப்பிட உட்காருகிறபோதெல்லாம் எதிரே அவள் இல்லை என்பதை ஒரு நாள்கூட எழுதவில்லை. வீடு வெறிச்சென்று கிடந்ததை எழுதவில்லை. பிப்ரவரி 9 எங்கள் கல்யாண நாள் என்று பிறகு ஞாபகம் வந்ததை எழுதவில்லை. பொங்கலன்று அக்கா முன்னால் அவள் கண் கலங்கியதை எழுதவில்லை.

“ஒரு தடவகூட இல்ல” என்றேன். “பூஜ்யம்.”

அவள் அழுகிற சத்தம் கேட்டது. வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஆனால் போனை வைக்கவில்லை. நான் நாளைக் காலை முதல் பஸ்ஸில் கடையநல்லூர் போகிறேன்.